சிப்பாயைத் தாண்டிய கோட்டை

சாய்ந்தமருது,
வெள்ளி, அஸருக்குப் பின்.

அன்பு மகன் முர்ஷிதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம், முழங்காலைப் பற்றி மட்டும் கேட்காதே. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், உனக்கும் மருமகள் நஸ்லாவுக்கும் நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க துஆச் செய்கிறேன். முதலில் ஒன்றைச் சரியாக்கிவிடுகிறேன். எனக்கு மறதி வரவில்லை. வந்துவிட்டதென்று உன் தங்கை றுக்ஸானா சொல்கிறாள், அவள் மாப்பிள்ளை ஜவுபரும் சொல்கிறார், இந்த வீட்டைப் பூட்டிவிட்டு நோன்புக்கு முன் என்னைக் கல்முனைக்குத் தங்களோடு கூட்டிப்போக இருக்கிறார்கள், நீ ஓம் என்று சொல்வது மட்டும்தான் பாக்கியாம். காலையில் வந்ததும் வராததுமாய் "இண்டைக்கு என்ன கிழமை உம்மா?" என்று கேட்கிறாள். நேற்று நான் கிழமையோடு பிறையையும் சேர்த்துச் சொன்னேன், அதற்கும் "கலண்டரப் பாத்திட்டுச் சொல்றா" என்று மாப்பிள்ளையிடம் முணுமுணுத்தாள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது மகன்.

ஜவுபர் கேட்கிறார், "ஃபோன்ல அரை மணித்தியாலத்தில முடியிற செஸ் விளையாட்டுக்கு ஏன் மாமி இந்த வெயில்ல தபால் கந்தோருக்கு அலையிறீங்க" என்று. முடிந்துவிடும் என்பதுதான் என் குறை என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது. வாப்பா மௌத்தாகி நான் இத்தாவில் வெளியே இறங்காமல் வீட்டுக்குள் இருந்தபோது, எல்லோரும் ஆறுதல் எழுதினார்கள், நீ மட்டும் ஆறுதலுக்குக் கீழே உன் முதல் சிப்பாயின் நகர்வையும் எழுதியிருந்தாய். வந்தவற்றில் எனக்கு வேலை தந்தது அது ஒன்றுதான். அன்று முதல் மீன் கழுவும்போதும் உடுப்புக் காயப் போடும்போதும், இவன் என்ன நினைத்து அந்தக் குதிரையை அங்கே வைத்தான் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். ஃபோனில் நீ சாப்பிட்டீங்களா என்பாய், நான் ஓம் என்பேன், அதோடு சரி. பலகையில் அப்படி மறைக்க இயலாது, நீ அவசரப்பட்டாலும் தெரியும், மனம் சரியில்லாவிட்டாலும் தெரியும். அதனால்தான் போன கடிதத்தில் உன் ராணியைக் காவல் இல்லாமல் என் கோட்டைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதைப் பார்த்ததும் பயந்துபோனேன். உனக்கு ஏதோ துன்பம் என்று நினைத்து இரண்டு றக்அத் தொழுதேன்.

துன்பம் உனக்கில்லை என்று செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. வீட்டைப் பற்றிய வாக்குவாதத்தில், நீ அவளிடம் சொன்னதை றுக்ஸானா கொட்டிவிட்டாள், "காக்காவே சொன்னார், உம்மா கோட்டைய சிப்பாய்க்கு மேலால பாய விட்டிருக்கா, ஒண்டும் கேக்காத, அவ பாட்டில விளையாடட்டும் எண்டு." பலகையில் நின்ற நிலையை மனதில் வைத்துக்கொண்டு காய்களைக் கலைத்தேன், உன் கடிதங்களை அவள் கையில் கொடுத்து, நான் சொல்லச் சொல்லப் பார் என்றேன். என் நகர்வைத் திருப்பி எழுதிய பிறகுதானே நீ உன்னுடையதை எழுதுவாய், அதனால் இரண்டு பக்கமும் அதில் உண்டு. முதல் சிப்பாயிலிருந்து கடைசி வரைக்கும் கடிதத்தைப் பார்க்காமல் சொல்லிச் சொல்லிக் காய்களை நகர்த்தினேன், ஓரிடத்திலும் அவள் என்னை நிறுத்தவில்லை. ஆனால் முடிவில் ஒரு சிப்பாய், முன்பு நின்ற கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில், என் கோட்டையின் வழியை மறித்து வந்து நின்றது. வாப்பாவின் பேரில் கத்தம் ஓதிய அன்று சாப்பாட்டுச் சகன் வைக்க இடம் வேண்டும் என்று, உதவிக்கு வந்த பக்கத்து வீட்டு ஹாஜறா பலகையை அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்திருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். "ஒண்டு உருண்டு விழுந்திச்சி ராத்தா, வெறுமையாக் கிடந்த கட்டத்துக்குள்ள வடிவா நிமித்தித்தானே வெச்சன்" என்கிறாள். வைத்தவள் அவள், பார்க்காமல் விளையாடியவள் நான். அந்தப் பிழை என்னுடையது.

ஆனால் நீ செய்தது என்ன மகன்? இந்த முறையும் என் நகர்வைத் திருப்பி எழுதியிருந்தாய், இது எப்படி உம்மா என்று ஒரு சொல் கேளாமல். ஒரு வரி கேட்டிருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பேன். நீ விடுதியில் படித்த காலத்தில் உன் கடிதங்களைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பியவள் நான். உனக்குக் கோபம் வந்திருக்கும், ஆனால் பாவம் சின்னவன் என்று ஒரு பிழையையும் விட்டதில்லை. நான் படித்த பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரிகள் எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். உன்னிடம் எத்தனையோ முறை தோற்றிருக்கிறேன், அது எனக்கு வலித்ததில்லை. நீ ராணியைத் தூக்கித் தந்தது வலிக்கிறது. அதை நான் வெட்டப்போவதில்லை, திருப்பி எடுத்து வை. தொட்டது தொட்டதுதான், தொட்ட காயையே நகர்த்த வேண்டும், என் கோட்டையை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தி அந்தச் சிப்பாய்க்குப் பின்னால் நிறுத்துகிறேன். அதனால் என் குதிரை போகும், தெரிந்துதான் செய்கிறேன்.

றுக்ஸானா மீது கோபப்படாதே, அவள் பயத்தில் செய்கிறாள். "சரிதான் உம்மா" என்றாள், ஆனாலும் காக்கா சொல்லாமல் அவளுக்கு மனம் ஆறாது. நஸ்லாவுக்கு என் ஸலாம் சொல். வெந்நீரே குடியுங்கள், சுபஹுத் தொழுகையைத் தவறவிடாதே. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் ஈமானும் தரட்டும்.

இந்த வீட்டைப் பூட்டுவதற்கு உன் பதில் ஓமா இல்லையா என்பதையும், உன் அடுத்த நகர்வையும் எழுது. என் குதிரையை வெட்ட முடியுமென்றால் வெட்டு. ஃபோனில் சொல்ல வேண்டாம், உன் கையால் எழுதித் தபாலில் அனுப்பு.

உன் உம்மா,
ஸுஹைறா