பள்ளி வேலியில் உங்கள் முதுகு

பிரியமுள்ள சம்பந்தியம்மா,

போன இடத்தில் சௌகரியமாக இருக்கிறீர்களா? அங்கேயும் விடியுமுன் எழுந்து யாருக்காவது அடுப்புப் பற்றவைத்துக்கொண்டுதான் இருப்பீர்கள். சும்மா உட்காரத் தெரியாதே உங்களுக்கு.

நான் சிகாமட் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் கையெழுத்துக்குப் பேர் வாங்கியவள். அந்தப் பெருமையில்தான் யாரையும் எழுதித் தரச் சொல்லாமல் நானே எழுதுகிறேன். உங்களுக்கு எந்த விலாசத்துக்கு அனுப்புவது? பத்திரிகையில் போட்டால் நாலு பேர் படிப்பார்கள், அவர்களில் யாராவது உங்களுக்குச் சொல்லிவிட மாட்டார்களா என்று ஒரு ஆசை. பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

வீட்டுச் சமாசாரம் முதலில். என் மகனும் உங்கள் மகள் வாணியும் இன்னமும் இருட்டோடு கிளம்பித்தான் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். எல்லைப் பாலத்தில் நெரிசல் குறைந்தபாடில்லை. திரும்பி வரும்போது சோறு போடுகிற கையைக்கூட நிமிர்ந்து பார்க்கத் தெம்பு இருப்பதில்லை. பேத்தி தர்ஷினி இரண்டாம் ஆண்டுக்குப் போய்விட்டாள். முன்பல் விழுந்து புதுசு முளைக்கிறது. அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தால் வீட்டில் நானும் மின்விசிறியும்தான்.

நீங்களும் இந்த வீட்டில் இருந்தவரைக்கும் நான் இப்படி விசிறிச் சத்தத்தைக் கேட்டதில்லை.

நாம் மூன்று பேரும் லொங்காங் ஓரமாகப் பள்ளிக்கு நடந்த காலைகளை நினைத்துக்கொள்கிறேன். மழைநீர் அந்தக் கால்வாயில் சலசலவென்று ஓடும். தொழிற்சாலை பஸ்கள் புகை விட்டுக்கொண்டு போகும். பிள்ளையின் பையை ஒரு தோளிலும் சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டை மறு தோளிலும் போட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்து நீங்கள் முன்னால் பறப்பீர்கள். உடம்பில் பசார் மாலம் இரவுச் சந்தையில் வாங்கிய அந்தப் பழுப்பு நைட்டி, அதில் தட்டுத் தட்டாக மஞ்சள் பூ. துண்டு நழுவாமல் இருக்க ஓர் ஊக்கு. நான் சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவேன்.

"சம்பந்தியம்மா, ஒரு சேலையைச் சுத்திக்கிட்டு வந்தா என்ன?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

"நீங்க கட்டி முடிக்கிறதுக்குள்ள நான் இருபது தோசை சுட்டுருவேன். என்னை யாரு லா பாக்கப் போறா? பொண்ணு பாக்கவா வராங்க?"

"டீச்சருங்க பாப்பாங்க."

"துண்டு போட்டிருக்கேன்ல? தோள்ல துண்டு விழுந்துட்டா நைட்டியும் சேலைதான். நீங்க வேகமா வாங்க சேலைக்காரம்மா, பிள்ளைக்கு மணி அடிச்சிரும்!"

பள்ளி வாசலில் நீங்கள் மட்டுமா அப்படி? இரவு வேலை முடித்து வந்து கைலியோடு மோட்டார் சைக்கிளில் பிள்ளையைக் கொண்டுவரும் தகப்பன்மார்கள், கரடி பொம்மை போட்ட கால்சட்டையில் கொட்டாவி விடும் சின்னப் பெண்கள், நைட்டிக்கு மேல் கணவனின் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வருகிறவர்கள். அத்தனை பேருக்கும் நடுவில் இஸ்திரி போட்ட சேலையும் பூவுமாக நான் ஒருத்தி. உங்களுக்குச் சொல்வதற்கு என்ன, எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. வேறு எங்கே போகிறேன் நான்? ஒரு நாளைக்கு எனக்கு வாய்த்த வெளியூர்ப் பயணமே அந்த வாசல்தானே.

போன தீபாவளி கழிந்து சில நாளில் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். அடுப்படி விளக்கு எரியாமல் விடிந்த முதல் காலை அது. கூடத்தில் மாட்டியிருக்கும் உங்கள் படம் வாணியின் கல்யாணத்தில் எடுத்தது. பட்டுச் சேலை, முகப்பூச்சு, வாயை இறுக்கி மூடிய சிரிப்பு. மாலை போட்டு விளக்கேற்றுகிறேன். ஆனால் அதன் முன்னால் நின்று பேச எனக்கு வரவில்லை. அந்த அம்மாளை எனக்குப் பழக்கமில்லை.

புதுப் பள்ளி ஆண்டு தொடங்கியபோது வேலியில் ஒரு பெரிய பேனர் தொங்கியது. தூக்க உடையில் பள்ளிக்கு வராதீர்கள் என்று பெற்றோருக்கு எழுதியிருந்தார்கள். வலது பக்கத்தில் பச்சை நிறத்தில் சரிக் குறி, அதற்குக் கீழே சேலை கட்டிய ஒரு பெண். வாழ்க்கையில் ஒரு நாளும் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப் போகாதவள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். இடது பக்கத்தில் சிவப்பில் தவறுக் குறி. அதற்குக் கீழே நீங்கள்.

முகம் இல்லை, பின்பக்கத்திலிருந்து எடுத்த படம். நிச்சயம் போன வருடத்தில் ஏதோ ஒரு காலையில் எடுத்திருப்பார்கள். அவசரத்தில் முடிந்த கொண்டை, மஞ்சள் பூ, துண்டு, ஊக்கு. பிள்ளையை வெட்டிவிட்டு உங்களை மட்டும் போட்டிருந்தார்கள். ஆனால் உங்கள் கையைப் பிடித்திருந்த அவள் கையை வெட்ட முடியவில்லை. மணிக்கட்டு வரைக்கும் அது அப்படியே உங்கள் கைக்குள் இருந்தது.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. யாராவது கண்டுபிடித்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் பேனரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

மறுநாள் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பினேன். பிள்ளை உள்ளே போனதும் வேலி ஓரமாக நின்றேன். அதற்கு அடுத்த நாளும் நின்றேன். ஒரு நாள் வாய் விட்டே பேசிவிட்டேன். "சீனி ஏறிப் போச்சு சம்பந்தியம்மா, டாக்டர் திட்டுறாரு." நீங்கள் திரும்பவில்லை. நீங்கள் எப்போது திரும்பியிருக்கிறீர்கள்? முன்னால் ஓடிக்கொண்டே பதில் சொல்லுகிற ஆள்தானே. அதனால் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

பள்ளி வாசலைக் காவல் காக்கும் ஜாகாக்காரர் சிரிப்பார். "என்னக்கா, தெனமும் இதையே படிக்கிறீங்க? சேலையில வர உங்களுக்கு என்ன பயம் லா?"

"எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன் தம்பி. நாழியாகும்," என்பேன்.

அந்தப் பேனர் வந்த பிறகு வாசலில் யாரும் இறங்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நைட்டிக்காரர்கள் நைட்டியை விடவில்லை, காரை விட்டு இறங்குவதைத்தான் விட்டுவிட்டார்கள். கதவு திறக்கும், பிள்ளை குதிக்கும், கதவு மூடும். முன்பெல்லாம் நாம் வாசலில் நின்று அடித்த அரட்டை என்ன! அந்தக் கரடிக் கால்சட்டைப் பெண் அவள் மாமியாரைப் போலவே நடித்துக் காட்டுவாளே. இப்போது கண்ணாடிக்குப் பின்னால் அவள் கை மட்டும் அசைந்துவிட்டுப் போகிறது.

இப்படி இருக்கும்போது ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் வாணி சொன்னாள்.

"அத்தை, வர வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு. பெரிய வெள்ளி. இங்க ஸ்கூல் இருக்குல்ல? பாப்பாவ நானே கொண்டுபோய் விடறேன். ஒரு நாளாவது."

சிங்கப்பூரில் லீவு, நம்ம ஜொகூரில் இல்லை. வாணி பிள்ளையைப் பள்ளியில் விடப்போகும் முதல் காலை. பெற்ற தாயைச் சிவப்புக் குறிக்குக் கீழே வேலியில் தொங்கவிட்டிருப்பதை அவள் பார்ப்பதா? வேலைக்குப் போகிற மகளுக்காகத்தானே உங்களுக்குச் சேலை மாற்ற நேரமில்லாமல் போனது. அது அவளுக்குத் தெரியாதா? பார்த்தால் அவள் தாங்குவாளா?

எடுக்கச் சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் எடுத்துவிட்டால் நான் காலையில் யாரிடம் போய் நிற்பது? இரண்டு நாள் இதிலேயே போனது. சொல்லிவிடலாம் என்று வாசல் வரை போவேன். நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பிவிடுவேன்.

புதன்கிழமை அலுவலகத்துக்குள் போனேன். தலைமையாசிரியை மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"டீச்சர், வாசல்ல இருக்கிற பேனரை எடுத்துடணும்."

"ஏம்மா? நீங்க எப்பவும் எவ்வளவு அழகா வரீங்க. எல்லாரும் உங்கள மாதிரி வந்தா எங்களுக்கு ஏன் பேனரு?"

வேறொரு நாளாக இருந்தால் அந்தப் புகழ்ச்சியை வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்திருப்பேன். அன்றைக்கு அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

"அதுல இருக்கிறது எங்க சம்பந்தியம்மா."

"முகமே தெரியலையேம்மா. யாரும் வருத்தப்படக் கூடாதுன்னுதான் பின்னாலேர்ந்து எடுத்தாங்க. யாருன்னு யாருக்குத் தெரியும்?"

"தெனமும் பின்னாலயே நடந்தவளுக்கு முதுகு தெரியாதா டீச்சர்?"

"அவங்க இப்ப எங்கம்மா?"

"தீபாவளிக்கு அப்புறம் தவறிட்டாங்க. வெள்ளிக்கிழமை அவங்க மக வருது."

அவர் எழுந்தே விட்டார். "தெரியாம செஞ்சுட்டோம்மா, மன்னிச்சிருங்க" என்று சொல்லி, அப்போதே ஆளை அனுப்பினார். நாளைக்கு எடுத்தால் போதுமே என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது சம்பந்தியம்மா. இன்னும் ஒரே ஒரு காலை. ஆனால் நான் வாசலுக்கு வருவதற்குள் ஜாகாக்காரர் கயிற்றை அறுத்து உங்களைச் சுருட்டிவிட்டார். அவருடைய கொட்டகை மூலையில் சாய்த்து வைத்தார்.

வியாழக்கிழமை வெறும் வேலியைப் பார்த்துவிட்டு நிற்காமல் வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை உங்கள் மகள் அசந்து தூங்கிவிட்டாள். பிள்ளை அழுது எழுப்பி, போட்டுப் படுத்திருந்த கால்சட்டையும் பழைய பனியனுமாகவே காரை எடுத்தாள். நானும் ஏறிக்கொண்டேன். வாசலில் அந்த ஆடையைப் பற்றி நினைவே இல்லாமல் இறங்கி, பிள்ளைக்குப் பையை மாட்டினாள். பிள்ளை உள்ளே போகவில்லை. நேராக வேலிக்குப் போனாள்.

"பாட்டி, அம்மாச்சி எங்க?"

"என்னம்மா கேக்குறா?" என்றாள் வாணி.

"இங்கதானே இருந்தாங்க. நேத்தும் இல்ல. என் கையப் புடிச்சிக்கிட்டு நின்னாங்களே. அது என் கைதான், பச்ச வளையல் இருந்திச்சி."

எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அவளிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாக உங்களைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறோம்.

வாணி என்னைப் பார்த்தாள். பொய் சொல்ல வழியில்லை. முழுவதையும் சொன்னேன். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு அவள் கொட்டகைக்குப் போய்ச் சுருளைக் கேட்டு வாங்கி வந்தாள். நடு ரோட்டில், கார் முகப்பின் மேல் விரித்தாள். பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.

"அலமாக்! அக்கா, வண்டிய எடுங்க, ரோட்டுல என்ன கடையா போடுறீங்க?"

அவள் காதில் விழவில்லை. சிவப்புக் குறியைப் பார்த்த மாதிரியும் தெரியவில்லை. உங்கள் காலைத் தொட்டாள்.

"ஒரு காலு தரையிலயே இல்ல பாருங்க அத்தை. இவ்ளோ வேகமாவா நடப்பாங்க?"

"ஓடுவாங்கம்மா. என்னால எட்டிப் பிடிக்கவே முடியாது."

"நான் பாத்ததே இல்ல. நான் போறப்ப அடுப்புகிட்ட நிப்பாங்க. வரப்ப படுத்திருப்பாங்க. எங்கம்மா பகல்ல ரோட்டுல நடந்து நான் பாத்தே வருசமாச்சி அத்தை."

ஹாரன் அடித்தவன் இறங்கி வந்தான். கைலியோடுதான் வந்தான். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் நின்ற கார்களுக்குக் கைகாட்டி வழி ஒதுக்கிவிட்டான்.

பிறகு நீங்களும் நானும் வழக்கமாகத் தேநீர் குடித்த கடைக்கு அவளைக் கூட்டிப் போனேன். நீங்கள் தோசையைப் பிய்த்துத் தேநீரில் தோய்ப்பது, வழியில் பூனைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது, பெக்கோக் தோட்டத்துப் பேயைச் சொல்லிப் பிள்ளையை வேகமாக நடக்கவைப்பது, எல்லாம் கேட்டாள். சிரித்தாள். அழுதாள். அவளோடு நான் அத்தனை நேரம் உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

பேனர் இப்போது அவள் அறையில், அலமாரிக்கு மேலே இருக்கிறது. நான் கேட்கவில்லை, மகளுக்குத்தான் உரிமை. திங்கட்கிழமை அவள் மறுபடி இருட்டில் கிளம்பினாள். பள்ளி வேலியில் பொம்மை வரைந்த புது பேனர் தொங்குகிறது. கார்க் கதவுகள் திறந்து மூடுகின்றன. நான் சேலையோடு போய், சேலையோடு திரும்புகிறேன். விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு முன்னால் யாரும் நடக்கவில்லை என்பதால் நான் இன்னும் மெதுவாக நடக்கிறேன்.

நேற்று வாணி செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். "அத்தை, அடுத்த லீவுல அந்தப் பூனைக் கதைய முழுசா சொல்வீங்களா?"

சம்பந்தியம்மா, உங்கள் காலைகளெல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன. எனக்கு இருக்கிற துணை அவைதான் என்று யாருக்கும் கொடுக்காமல் பொத்திவைத்திருந்தேன். இனி அப்படிச் செய்யமாட்டேன். அவளுக்கு லீவு கிடைக்கிற நாளிலெல்லாம் ஒரு காலையைச் சொல்வேன். நீங்கள் என்ன சொன்னீர்கள், எப்படிச் சிரித்தீர்கள், எங்கே நின்று மூச்சு வாங்கினீர்கள் என்று ஒன்று விடாமல் சொல்வேன். அவள் பார்க்காததை அவள் பார்த்த மாதிரி ஆகும் வரைக்கும் சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
நம் பேத்தியின் இன்னொரு பாட்டி,
உங்கள் சம்பந்தி,
பாசிர் கூடாங்.