இருபது நொடிக்குள்

நாள் 31. காலை 09:10. நாற்று அறை.

எடை 1,410 கிராம். நேற்றைவிட 22 கூடுதல். பெட்டியின் வெப்பம் 33 டிகிரி. குழாய் வழியாகப் பால், இரண்டு மணிக்கொரு தரம் 19 மில்லி. கக்கவில்லை. மூச்சு நின்று அலாரம் அடித்தது: இரண்டு முறை. காஃபீன் மருந்து கொடுத்தாயிற்று. காபியில் இருப்பதேதான். மூச்சு விட மறக்கும் மூளையை அது தட்டி எழுப்புமாம்.

இதை எடுத்துப் படிப்பவர் யாரென்று தெரியாது. அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ஜெசிந்தா. வயது நாற்பத்து நான்கு. செவ்வாயில் பயிர் வளர்க்க வந்தவள். என் கணவர் அமலன் இந்த நிலையத்தின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார். மாதவிலக்கு நின்றபோது வயதின் கணக்கு என்றுதான் நினைத்தேன். தெரிய வந்தபோது ஐந்தாம் மாதம். பூமிக்குப் போய்ப் பெற்றுக்கொள்ளலாம் என்று எல்லோரும் திட்டம் போட்டோம். குழந்தை இருபத்தெட்டாம் வாரத்தில் வந்துவிட்டாள். அமலன்தான் கையில் வாங்கினார். பிழைப்பாளோ மாட்டாளோ என்று, ஒரு தேக்கரண்டித் தண்ணீரில் அவரே ஞானஸ்நானமும் கொடுத்தார். பெயர் கித்தேரி. எங்கள் தூத்துக்குடிப் பக்கத்துப் பழைய பெயர்.

நாள்களை அன்றிலிருந்துதான் எண்ணுகிறேன்.


நாள் 33. பிற்பகல் 14:40.

எடை 1,455. அலாரம்: ஒன்று.

கித்தேரி படுத்திருப்பது நான் தக்காளி நாற்று வளர்த்த கண்ணாடிப் பெட்டி. பக்கவாட்டில் இரண்டு கையுறை ஓட்டைகள். அவற்றின் வழியே அவளைத் தொடலாம். ஒரு நாளில் ஒரு மணி நேரம் வெளியே எடுத்து மார்போடு வைத்துக்கொள்ள அனுமதி உண்டு.

அறை சிறியது. காற்றுச் சுத்திகரிப்பான் குழந்தையோடு ஒரு பெரியவரைத்தான் தாங்கும். அதனால் பன்னிரண்டு மணி நேரம் நான், பன்னிரண்டு மணி நேரம் அவர். மாறிக்கொள்ளும்போது இடைவழியில் அரை நிமிடம் பார்த்துக்கொள்கிறோம். மற்றபடி உள் தொலைபேசி. இன்று காலை எனக்கு அவர் கொடுத்த அறிக்கை:

"மேடம் முழுப் பாலையும் குடிச்சிட்டாங்க. ரெண்டு தடவ என் விரலப் பிடிச்சாங்க. எடைய நீயே பாத்துக்க, நான் வாயால சொல்ல மாட்டேன். கண்ணு பட்டுரும்."

கண் வைக்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருபது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் பூமியில் இருக்கிறார்கள் என்றேன். உன் கண்ணே போதும் ஏட்டி என்றார்.


நாள் 38. காலை 10:05.

எங்களைப் பூமிக்கு ஏற்றிப்போக செவ்வாயைச் சுற்றிக்கொண்டிருக்கும் கப்பல் தலைக்கு மேலே வரும்போது பதினொரு நிமிடம் பேசலாம். பிறகு இரண்டு மணி நேரம் ஒன்றும் கிடையாது. மேலே மூன்று பேர். அதில் டாக்டர் நூர்ஜஹான் இந்தத் தரையை மிதித்ததே இல்லை. குரலை வைத்தே என் பிரசவத்தைப் பார்த்தவள். என்னைவிடப் பத்து வயது இளையவள். அக்கா என்பாள்.

இன்று அவள் நிபந்தனையைச் சொன்னாள். 52ஆம் நாளோடு கப்பல் புறப்பட்டாக வேண்டும். அதற்குப் பிறகு பூமி கைக்கு எட்டாத பக்கம் போய்விடும். அடுத்த கப்பல் இருபத்தாறு மாதம் கழித்து. தரையிலிருந்து கப்பலுக்குப் போகும் ஏறுகலத்தில் காற்று கிடையாது. நாங்கள் விண்வெளி உடையில் போவோம். கித்தேரி மூடிய பெட்டியில். மூடி சாத்தியதிலிருந்து மேலே போய்த் திறக்கும்வரை ஐம்பத்தைந்து நிமிடம். நடுவில் யார் கையும் உள்ளே போகாது.

"தொடர்ந்து ஏழு நாள் அலாரமே அடிக்காம இருக்கணும் அக்கா. மூச்சு இருபது நொடி நின்னா அலாரம். ஏழு நாள் சுத்தமா இருந்தா நான் கையெழுத்துப் போடுறேன். ஆறு நாள்னா போட மாட்டேன், கெஞ்சாதீங்க."

கெஞ்ச மாட்டேன் என்று சொன்னேன்.


நாள் 39. மாலை 17:30.

எடை 1,608. அலாரம்: இல்லை.

அமலன் முறையிலும் இல்லை. முதல் நாள்.


நாள் 42. காலை 11:15.

எடை 1,690. அலாரம்: இல்லை. நான்காம் நாள்.

இந்த அறைக்கு ஜன்னல் இல்லை. முன்பு அது உறுத்தியதில்லை, நாற்றுகளுக்கு விளக்கு போதும். இப்போது சுவரைப் பார்க்கிறேன், அவள் மார்பைப் பார்க்கிறேன், திரும்பச் சுவரை. அவள் மார்பு ஏறி இறங்குவதைத் தவிர இந்த அறையில் அசைவது எதுவும் இல்லை. முதுகு வலிக்கிறது. பால் சுரப்பு குறைகிறது. தண்ணீர் அதிகம் குடிக்கச் சொல்கிறார் அமலன். நேற்று என் பங்குக் குவளையில் தன் பங்கையும் ஊற்றி வைத்திருந்தார். கேட்டதற்கு இயந்திரம் தவறாக ஊற்றியிருக்கும் என்றார். அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவரே அவர்தான்.


நாள் 45. மாலை 18:00.

ஏழாம் நாள். அலாரம்: இல்லை. எடை 1,772.

நூர் பதிவுகளை இரண்டு முறை சரிபார்த்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டாள். 48ஆம் நாள் காலை ஏறுகிறோம். மேலே மூவரும் கைதட்டியது வானொலியில் மழை பெய்வதுபோலக் கேட்டது. அமலன் தொலைபேசியில் மூக்கை உறிஞ்சினார்.

நாளை ஏறுகலத்தின் மூடிய பெட்டியில் பத்து நிமிட ஒத்திகை.


நாள் 46. காலை 09:40.

ஒத்திகை. பாதியில் நிறுத்தினேன். பதிவேட்டில் எழுதிய காரணம்: மூடி சரியாகப் பொருந்தவில்லை.


நாள் 46. காலை 11:20.

மேலே எழுதியது பொய். மூடி நன்றாகவே பொருந்தியது.

ஆறாவது நிமிடத்தில் அவள் மார்பு நின்றது. என் விரல் தானாகப் போய்க் கண்ணாடியில் இடித்தது. நகம் மடங்கி வலித்த பிறகுதான் என் விரல் எங்கே போகப் பார்த்தது என்று எனக்கே தெரிந்தது. அவள் உள்ளங்காலுக்கு. மூடியைப் பிடுங்கித் திறந்து தட்டினேன். மூச்சு வந்தது. பன்னிரண்டு நொடி. அலாரம் அடிக்கவில்லை.

எத்தனை நாளாகத் தட்டுகிறேன் என்று யோசிக்கிறேன். மார்பு நிற்கும். மனசு எண்ணும். பத்து, பதினொன்று. விரல் போய் உள்ளங்காலை லேசாகச் சுண்டும். அவள் இழுத்து மூச்சு விடுவாள். நான் பால் குழாயைச் சரிசெய்யப் போய்விடுவேன். இருமலுக்கு வாயைப் பொத்துவதைப் போல. யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். பொய் சொல்கிறோம் என்பதும் தெரிந்திருக்காது.

இயந்திரம் இருபதைத்தான் எழுதும். பன்னிரண்டை எழுதாது. ஏழு நாள் சுத்தம் என்பது என் ஆள்காட்டி விரல்.


நாள் 47. காலை 08:15.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நாளை ஏற வேண்டும்.

எனக்குள் நடக்கும் வாதம், அப்படியே: ஒத்திகையில் விட்டிருந்தால் பதினைந்தாவது நொடியில் தானாகவே மூச்சு விட்டிருப்பாள். விட்டிருக்கலாம். நான் அவசரக்காரி. இங்கே தங்கினால் இருபத்தாறு மாதம். மருந்து தீரும். ஒரு காய்ச்சல் போதும். அங்கே மருத்துவர் இருக்கிறாள், இங்கே ஒரு தக்காளிப் பெட்டி. ஐம்பத்தைந்து நிமிடம்தானே.

ஐம்பத்தைந்து நிமிடம் நான் பெட்டிக்கு அருகில் பெரிய கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நான் நாளைக்கு முன் அவரிடம் சொல்லியாக வேண்டும்.


நாள் 47. பகல் 12:50.

சொன்னேன். உள் தொலைபேசியில். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பது எனக்குத் தெரியும். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, அதுவே நல்லதாகப் போயிற்று. ஏசுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது:

"நானும்தான் தட்டுதேன், ஜெசி."

எப்போதிருந்து என்றேன்.

"தெரியல. நீ சொல்லுதவரைக்கும் தட்டுதேன்னே தெரியல. நான் கால்ல இல்ல, முதுகுல தடவுதேன். உன் முறையில சுத்தமா இருக்கே, என் முறையில கெடுத்துரக் கூடாதுன்னு ஒரு பயம் மட்டும் இருந்துச்சு."

எனக்கும் அதே பயம்தான் இருந்தது. அவர் முறையில் சுத்தமாக இருக்கிறதே என்று. இருவரும் ஒரே அறையில் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் ஒருவர் கையை ஒருவர் பார்த்திருப்போம்.


நாள் 47. பகல் 13:35.

கப்பல் மேலே வந்ததும் நூரிடம் சொன்னோம். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"எல்லா அம்மாவும் தட்டுவாங்க அக்கா. ஆஸ்பத்திரியில நர்ஸ் பாத்து கைய எடுக்கச் சொல்லுவா. உங்களுக்கு அங்க நர்ஸ் இல்ல. நான் கேட்டிருக்கணும். நாளைக்கு ஏற வேண்டாம். ஐம்பத்தஞ்சு நிமிஷம் கை வைக்காம உட்காருங்க. என்னதான் ஆகுதுன்னு பாப்போம். உதடு கறுத்தா மட்டும் தொடுங்க."


நாள் 48. காலை 09:00 முதல்.

மூடியைச் சாத்தவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொல்கிறேன், பதிவுக் கருவி எழுதிக்கொள்கிறது. அமலன் வெளியே திரையில் பார்க்கிறார்.

09:11. நின்றது. ஒன்பது நொடி. தானாக வந்தது.
09:19. நின்றது. பதினான்கு. வந்தது. வந்துவிட்டது.
09:26. ஏழு.
09:34. நின்றது. பத்து. பதினைந்து. என் கை வலிக்கிறது. இருபது. அலாரம் அடிக்கிறது. அலாரத்துக்கு அவள் அசையவில்லை. இருபத்து நான்கு. மூக்கைச் சுற்றி நிறம் மாறுகிறது. இருபத்தெட்டு. இன்னும் கறுக்கவில்லை, நீலம்தான், நூர் கறுத்தால் என்றாள். முப்பத்தொன்று.

"தொடு, ஜெசி. போதும். தொடு."

தொட்டேன்.

முதல் சுண்டலுக்கு வரவில்லை. இரண்டாவதுக்கும். மூன்றாவதில்


நாள் 48. பகல் 12:10.

உயிரோடு இருக்கிறாள். நிறம் திரும்பிவிட்டது. 15:00 மணிப் பாலை முழுதாகக் கொடுக்கலாம் என்று நூர் சொல்கிறாள்.

மூடிய பெட்டியில் முப்பத்து நான்காவது நிமிடம் என்றால் ஏறுகலம் பாதி வானத்தில் இருந்திருக்கும்.

ஏறவில்லை.


நாள் 50. காலை 10:30.

எங்களில் ஒருவராவது வரவேண்டும் என்று கப்பலிலிருந்து கேட்டார்கள். ஒருவர் போனால் இருப்பு உணவு மற்றவருக்கு நீண்டநாள் வரும், நியாயமான கேள்விதான். நீ போ என்றார் அமலன், ஒரே ஒரு முறை. பாலை யார் கொடுப்பது என்றேன். அப்படியானால் நீங்கள் போங்கள் என்று நானும் ஒரே ஒரு முறை சொன்னேன்.

"நான் போயிட்டா நீ எப்ப தூங்குவ? தட்டுததுக்கு ரெண்டு பேரு வேணும்ல."

அதோடு முடிந்தது. கப்பல் தன் உணவிலும் மருந்திலும் பாதியை ஒரு கூண்டில் வைத்து இறக்கியது. அமலன் போய் எடுத்து வந்தார். நூர் தன் போர்வையையும் உள்ளே வைத்திருந்தாள். சோப்பு வாசனை.


நாள் 52. மாலை 16:20.

கப்பல் போய்விட்டது. கடைசிப் பதினொரு நிமிடத்தில் நூர் காஃபீன் அளவை மூன்று முறை சொன்னாள், நான் மூன்று முறையும் எழுதிக்கொண்டேன். பிறகு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன், பழக்கத்தில். வரவில்லை.

எடை 1,925. தட்டியது: என் முறையில் ஒன்பது, அவர் முறையில் எட்டு. இப்போது உண்மையான எண்ணை எழுதுகிறோம்.


நாள் 56. காலை 09:30.

எடை 2,040. தட்டியது: மூன்று, இரண்டு.


நாள் 59. காலை 09:30.

எடை 2,130. தட்டியது: இல்லை. அவர் முறையிலும் இல்லை.

நம்பவில்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஆறு மணி நேரம் பார்த்தேன். அதிகபட்சம் ஐந்து நொடி.


நாள் 60. பகல் 13:00.

நூரின் குரல், போய்க்கொண்டிருக்கும் கப்பலிலிருந்து சில நொடி தாமதமாக வந்தது:

"முப்பத்தாறு, முப்பத்தேழு வாரத்துல மூளை கத்துக்கும் அக்கா. சில பிள்ளைங்க ஒரே நாள்ல நிறுத்திடும். எனக்குத் தெரியும். அது 52க்கு முன்னாடி வரணும்னுதான் வேண்டிக்கிட்டேன்."

கூட எதையோ சொல்ல வந்து ஒலிவாங்கியை அணைத்துவிட்டாள்.


நாள் 65. மாலை 17:45.

ஏழாம் நாள். அலாரம் இல்லை. யாரும் கை வைக்கவில்லை.

இன்று அவளை ஏறுகலப் பெட்டியில் வைத்து மூடியைச் சாத்தினேன். ஐம்பத்தைந்து நிமிடம். வேண்டாம் என்றார் அமலன். எதற்கு என்று கேட்டார். அவள் முழு நேரமும் தூங்கினாள். மார்பு ஒரே சீராக ஏறி இறங்கியது. ஒரு தரம் கொட்டாவி விட்டாள். நேரம் முடிந்த பிறகும் என் கை மூடிக்குப் போகவில்லை.

"திற, ஜெசி. நாம எங்கயும் போகல."

பதின்மூன்று நாள். பதின்மூன்று நாள் கப்பல் நின்றிருந்தால். அல்லது நான் வாயைத் திறக்காமல் இருந்து, அந்த முப்பத்து நான்காவது நிமிடம் அன்றைக்கு மட்டும் வராமல் போயிருந்தால். அவள் இன்று விட்ட மூச்சு அன்றைக்குச் செல்லாது. தெரியும். தெரிந்தும் கணக்குப் போடுகிறேன், இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு, இன்னும் எழுநூற்று எழுபத்தெட்டு நாளும் இதையேதான் போடப்போகிறேன்.


நாள் 66. காலை 07:05.

எடை 2,345. நூருக்கு அனுப்ப வேண்டிய செய்தியை நான்கு முறை எழுதி அழித்தேன். "ஏழு நாள்" என்ற சொல்லை எப்படி எழுதினாலும் அது அவளைக் குத்தும். எழுதாமல் விட்டால் அதுவும் ஒரு பொய். அமலன் வெளியிலிருந்து கதவைத் தட்டுகிறார், தன் கையெழுத்தில்லாமல் அனுப்பிவிடாதே என்கிறார், தானும் ஒரு வரி

அழுகிறாள். குழாய்ப் பாலுக்கு நேரம் ஆகவில்லை, அதற்குள் பசி. இவள் இப்படி அழுது நான் கேட்டதில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவருக்கும் கேட்கிறது, தட்டுவதை நிறுத்திவிட்டார். இவ்வளவு சத்தமாக அழ இவளுக்கு மூச்சு எங்கிருந்து