வீட்டுத் தராசில் மூன்று கிலோ

பிப்ரவரி 3, செவ்வாய்

அலுவலகத்தில் என் அறை விளக்கை இன்றும் மாற்றவில்லை. கேட்டால் துணை இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டுமாம். யார் அந்தத் துணை இயக்குநர்? எடைக்கல்லை வெறும் கையால் தொடக்கூடாது என்பதையே பதினைந்து வருடத்துக்கு முன் என்னிடம் கற்றுக்கொண்டவன். அவன் மாடி அறையில். நான் இன்னும் அதே எடையளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துகிறேன். மனதுக்குள் அவனைச் 'சின்னவன்' என்றுதான் கூப்பிடுகிறேன். அதற்கு யார் கையெழுத்தும் வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்தால் மனைவி, அவித்த முட்டை ஒன்றை நான்காக வெட்டிக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சர் அல்லவா, நான்கும் சமம்.

"எதுக்கு இத்தனை துண்டு?"

"ஒரே முட்டைய நாலு தடவ சாப்பிடலாம்."

"அவ்வளவுதானா சாப்பாடு?"

"எழுபத்தெட்டு கலோரி. வெள்ளரிக்காயோட சேத்தா தொண்ணூறு." கோடு போட்ட நோட்டில் எழுதினாள். நாளொன்றுக்கு ஐந்நூறு. டிசம்பரில் தொடங்கியது. எண்பத்து நான்கு கிலோ இருந்தவள் இப்போது எழுபத்தாறு.

பிப்ரவரி 9, திங்கள்

குளியலறைத் தண்ணீர் போகவில்லை. குச்சி விட்டு எடுத்தேன். கைப்பிடி முடி. அவளுடையது.

வெயிலில் நடந்து வந்தும் அவள் கை சில்லென்று இருக்கிறது. படி ஏறினால் மூன்றாம் படியில் நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிகிறாள். செருப்பில் ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் தெரு மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். "எண்ணூறு கலோரிக்குக் கீழ போறதுன்னா டாக்டர் பாத்துக்கிட்டே இருக்கணும் சார். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி எல்லாம் நடுநடுவுல எடுக்கணும். யாரு பாக்கறாங்க உங்க வீட்ல?"

யார் பார்க்கிறார்கள்? ஒரு கைபேசிக் குழு. அதை நடத்துகிறவள் மாவுப் பொடியை டப்பாவில் அடைத்து விற்கிறாள். படித்தது என்ன என்று கேட்டால், "அனுபவம்" என்கிறாள். நான் பொடியம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் இவளிடம் சொன்னேன். சொன்னேன் என்றால் என் பாணியில்தான், கத்தினேன். அவள் நோட்டை மூடிவிட்டு, "நீங்க சொல்லித்தான செய்றேன்" என்றாள்.

நானா? நான் எப்போது சொன்னேன்?

பிப்ரவரி 14, சனி

மச்சினி வந்தாள். அக்காவைப் பார்த்ததும் பையைக் கீழே வைக்காமலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன்டி, உன் கன்னம் எங்கடி போச்சு?"

"ஒனக்குப் பொறாமைடி."

"ஆமா, பொறாமை! வாடுன கீரைக்குப் புடவை சுத்துன மாதிரி இருக்க, அதப் பாத்து எனக்குப் பொறாமை!" பிறகு என் பக்கம் திரும்பினாள். "அத்தான், ஊர்ல எவன் நூறு கிராம் குறைச்சாலும் மோப்பம் புடிச்சிடுவீங்க. வீட்டுக்குள்ள ஒரு ஆளே குறைஞ்சிட்டிருக்கா. கண்ணு தெரியலையா?"

எனக்குக் கோபம் வந்தது.

இவள் சொன்னாள்: "எழுபது வந்ததும் நிறுத்திடுவேன். இன்னும் நாலரை கிலோதான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

பிப்ரவரி 15, ஞாயிறு

இதை எழுதலாமா? எனக்கு நானே எழுதுவதுதானே.

அவள் சிறப்பு வகுப்புக்குப் போயிருந்தபோது வீட்டு எடைக்கருவியைத் திறந்தேன். ஆய்வுக்கு எடுத்துப் போகும் சோதனைக் கற்களை வைத்து மறுசீரமைத்தேன். அது இருபத்தைந்து கிலோ கேட்டபோது இருபத்தாறு கிலோவை ஏற்றினேன். அவ்வளவுதான் வேலை. காலியாக இருக்கும்போது பூஜ்யம் சரியாகவே காட்டும். பாரம் ஏற ஏறப் பொய்யும் ஏறும். இருபத்திரண்டு வருடமாக நான் பிடித்து வரும் திருட்டு இது. எழுபத்தைந்தில் நின்றால் மூன்று கிலோ குறைத்துக் காட்டும். திடீரென்று இறங்கியதைப் பொடியின் மகிமை என்று எடுத்துக்கொள்வாள்.

எழுபது சீக்கிரம் வந்துவிடும். நிறுத்திவிடுவாள். சத்தியம் செய்திருக்கிறாள்.

இன்னொரு வழியும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, 'பயமாயிருக்கிறது, சாப்பிடு' என்று கெஞ்சியிருக்கலாம். அது எனக்கு வராது. தராசைத் திறப்பது வருகிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

மீன் சந்தையில் ஒரு தராசைப் பறிமுதல் செய்தேன். மீன்காரி கிலோவுக்கு நாற்பது கிராம் அடித்திருந்தாள். வீட்டில் நான் செய்திருப்பதும் கிட்டத்தட்ட அதே கணக்கு, அவள் கூட்டிக் காட்டினாள், நான் குறைத்து.

இடுப்பில் கை வைத்து, "ஐயா ரொம்ப நேர்மை! வீட்லயும் பொண்டாட்டி கொழம்ப நிறுத்துத்தான் ஊத்துவாளா?" என்றாள். சந்தையே சிரித்தது.

வழக்கமாக ஒரு வார்த்தைக்கு ஒன்பது சொல்வேன். ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

எழுபது! காலையில் கத்தியே விட்டாள். "ஏங்க, இங்க வாங்க, வந்து பாருங்க!" போய்ப் பார்த்தேன். 70.0. நிஜத்தில் எழுபத்து மூன்றுக்குக் கொஞ்சம் கீழே. பார்த்ததும் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன், தொழில் புத்தி.

ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவி, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். பாதி தின்று, "இனிமே தினம் ஒண்ணு" என்றாள். கல்யாணமான புதிதில் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவாள். மறந்தே போயிருந்தது.

நான் செய்தது சரிதான்.

மார்ச் 6, வெள்ளி

பொடியம்மா வீட்டில் மாதாந்தரக் கூட்டம். சாயங்காலம் அங்கே எல்லாரையும் நிறுத்தார்களாம். இவள் எழுபத்து மூன்று.

வந்து செருப்போடு கூடத்தில் நின்றாள். "காலைல எழுபது. சாயங்காலம் எழுபத்து மூணு. எப்படிங்க?"

"அவ தராசு ஓட்டையா இருக்கும்."

"இல்லீங்க. அவங்க தராச இன்னொருத்தர் தராசோட ஒத்துப் பாத்தாங்க, சரியாத்தான் இருக்கு. நம்ம தராசுல தப்பு இருக்க வாய்ப்பே இல்லன்னு நானே சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரர் எடையளவு ஆய்வாளர்னு." அதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னாள். "பகல் பூரா எனக்கு உடம்புல தண்ணி சேருதாம். அதான் மூணு கிலோ."

சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில். வாயைத் திறந்தேன். "போய்க் கால் கழுவு" என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

வெண்ணெய் ரொட்டி நின்றுவிட்டது. இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 11, புதன்

முந்நூறு. நோட்டைத் திறந்து பார்த்தேன். ஐந்நூறை அடித்துவிட்டு முந்நூறு என்று எழுதியிருக்கிறாள். நாளைக்குச் சொல்லிவிடுவேன். திட்டட்டும்.

மார்ச் 13, வெள்ளி

பள்ளிக்கூடத்திலிருந்து போன். ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாளாம். விளையாட்டு ஆசிரியர் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் ஏற்றியிருக்கிறார். "வெயிட்டே இல்ல சார்" என்றார் என்னிடம். ஆறுதலுக்குச் சொன்னார் போல.

தீவிர சிகிச்சைப் பிரிவு. கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி.

மார்ச் 14, சனி

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால். பொறுமையாகச் சொன்னார்.

"ரத்தத்துல பொட்டாசியம் ரொம்ப இறங்கிருக்கு சார். இதயம் சீரா துடிக்க அது வேணும். சாப்பாடு ஏற்கெனவே போதல. அதுக்கு மேல நீர் பிரியற மாத்திரை போட்டிருக்காங்க, ஒரு வாரமா. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. பொடியம்மா கொடுத்தது. உடம்பில் சேர்ந்த அந்த மூன்று கிலோ தண்ணீரை இறக்க.

"குறைஞ்ச கலோரி உணவே தப்புன்னு சொல்லல. சிலருக்கு நாங்களே குடுப்போம், பக்கத்துல இருந்து, வாரா வாரம் ரத்தம் பாத்து. தனியா செஞ்சா கொழுப்போட தசையும் கரையும், பித்தப்பையில கல்லு வரும். இவங்களுக்கும் ரெண்டு கல்லு இருக்கு. இப்ப ஒரேயடியா ஊட்டிடவும் கூடாது. உடம்பு தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும்." பிறகு கேட்டார்: "எழுபதத் தொட்டப்பறம் ரொட்டி சாப்பிட ஆரம்பிச்சேன்னு சொன்னாங்க. நல்லாத்தான் வந்திருக்காங்க. நடுவுல திடீர்னு ஏன் இப்படி?"

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 16, திங்கள்

சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். சொல்லிவிட்டேன். இருபத்தைந்து, இருபத்தாறு, திருகாணி வரைக்கும் எல்லாவற்றையும். உன் நன்மைக்காக என்றேன். பயந்துபோய்ச் செய்தேன் என்றேன்.

கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இருவத்திரண்டு வருஷத்துல, தராசுல கை வச்ச எந்தக் கடைக்காரனையாவது நீங்க விட்டிருக்கீங்களா? பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்ல, கஷ்டம்னு எத்தனை பேர் அழுதிருப்பாங்க?"

"இல்ல."

"ம்."

அப்புறம் அவளாகவே, கோபமே இல்லாமல் சொன்னாள். "அந்த விருந்துல சொன்னீங்களே. எங்க வீட்டம்மாவ நிறுக்கணும்னா லாரி எடைமேடைக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்னு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது முடிவு பண்ணேன்."

எந்த விருந்து? வாய்வரை வந்துவிட்டது. கேட்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

பழைய நாட்குறிப்பை எடுத்தேன். என்னை எவன் எந்தத் தேதியில் மதிக்கவில்லை என்பது முழுக்க இதில் இருக்கும், தேடுவது சுலபம். நவம்பர் 22. சின்னவன் பதவி உயர்வுக்குக் கொடுத்த விருந்து. ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். எனக்கு இரண்டாம் வரிசையில் நாற்காலி போட்டது. பேச்சில் என் பெயரைச் சொல்லாமல் விட்டது. கடைசியில் இரண்டே வரி:

'சாப்பாட்டு மேசையில் நான் அடித்த எடைமேடை ஜோக்குக்கு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், இவள் உட்பட. சின்னவன் மட்டும் சிரிக்கவில்லை. பொறாமை.'

பொறாமை என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான்.

ஒருவர் சொன்ன ஒரு சொல்லையும் நான் மறந்ததில்லை என்று நினைத்திருந்தேன். நான் சொன்னதை மறந்திருக்கிறேன். அவள் சிரித்தாளே — அதைக்கூட என் வெற்றியில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 21, சனி

வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு அல்ல. மச்சினி வண்டி கொண்டுவந்திருந்தாள்.

"கொஞ்ச நாள் எங்க வீட்ல இருக்கட்டும் அத்தான். ஆறு வேளையா பிரிச்சுக் குடுக்கணுமாம், யாராவது பக்கத்துல உக்காரணுமாம்."

"நான் லீவு போடறேன்."

மச்சினி அக்காவைப் பார்த்தாள். இவள் ஜன்னல் பக்கம் திரும்பி, "அவர் பக்கத்துல உக்காந்தா எனக்கு எறங்காதுடி" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. என்னைப் பற்றிச் சொன்னாள்.

மார்ச் 23, திங்கள்

அலுவலகப் படியில் சின்னவன் நிறுத்தினான். "அண்ணே, அண்ணிக்கு இப்ப எப்படி இருக்கு?" பரவாயில்லை என்றேன். போய்விட்டான். முகத்தை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

மச்சினி வீட்டுக்குப் போனேன். இவள் பேசினாள். வீட்டு வாடகை ஒப்பந்தம், குழாய் ரிப்பேர், பள்ளி விடுப்புக் கடிதம். சாப்பாட்டு நேரம் வந்ததும், "எனக்கு இப்ப பசிக்கல" என்று தங்கையிடம் சொன்னாள்.

ஏப்ரல் 9, வியாழன்

திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டைப் பள்ளியில் கொடுத்தனுப்பினார்கள். அதைக் கொடுக்கும் சாக்கில் முன்னறிவிப்பின்றிப் போனேன். கதவு திறந்தே இருந்தது. சமையலறை மேசையில் அக்காவும் தங்கையும். இவள் வாய் நிறைய வைத்துக்கொண்டு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். தட்டில் சோறு, முட்டை, ஏதோ கீரை. கன்னம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது.

என் நிழல் விழுந்தது. சிரிப்பு நின்றது. இடது கையால் தட்டை மறைத்தாள் — பக்கத்துப் பெஞ்சுப் பையன் பார்த்து எழுதிவிடாமல் விடையை மறைக்கிற மாதிரி. தெரிந்து செய்யவில்லை. கை தானாகப் போனது.

"சாப்பிடு, சாப்பிடு. இதக் குடுக்கத்தான் வந்தேன்."

மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். பிறகு தட்டைத் தள்ளிவைத்தாள்.

மச்சினி வாசல் வரை வந்தாள். அவளுக்கே சங்கடம். "தப்பா நினைக்காதீங்க அத்தான். நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கு ராத்திரி வரைக்கும் எதுவும் தொடமாட்டேங்குறா. மத்த நாள்ல நல்லா சாப்பிடறா."

தப்பாக நினைக்கவில்லை. என் வாழ்நாளில் இதுவே முதல் தடவையாக இருக்கும்.

ஏப்ரல் 16, வியாழன்

போகவில்லை.

மாலையில் மச்சினிக்குப் போன் செய்தேன். இதுவரை எல்லா வேளையும் சாப்பிட்டாளாம். நடுவில் வெண்ணெய் ரொட்டி இரண்டு துண்டு, கேட்டு வாங்கி. "குடுக்கட்டுமா அத்தான், பேசறீங்களா?" என்றாள்.

வேண்டாம், சாப்பிடட்டும் என்றேன்.