இரவல் சோபா

அன்புள்ள வாயாடிக்கு,

உன் அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம். எழுதிவிட்டேன். இனி உண்மைக்கு வருவோம்.

நீ அனுப்பிய விண்ணப்பத்தை உதவித்தொகை அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. அரை நாள் லீவு கேட்டபோது எங்கள் சலவை நிலைய சூப்பர்வைசர் பார்த்த பார்வையில் ஒரு கட்டுப் படுக்கை விரிப்பை இஸ்திரி போட்டிருக்கலாம், அவ்வளவு சூடு. கவுண்டரில் நீ சொன்னதையேதான் சொன்னார்கள். உனக்கு வழக்கமாக வரும் உதவித்தொகை கோடை வகுப்புகளுக்குச் செல்லாது. அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்கும் குடும்பத்தால் உண்மையிலேயே முடியவில்லையா என்று பார்க்க வீட்டுக்கு ஆள் வருவார்கள். முதல் நாள் போன் செய்துவிட்டுத்தான் வருவார்களாம்.

அந்த இரண்டு பாடங்களைக் கோடையில் முடிக்காவிட்டால் கடைசி வருஷத்தில் உன்னைச் சேர்க்க மாட்டார்கள் என்பது எனக்கு மனப்பாடம். அவை எப்படிப் போயின என்பதும் மறக்கவில்லை. உன் அண்ணன் கை மெஷினில் மாட்டிய வாரம், லீவு போட்டால் வேலை போய்விடும் என்று நான் விழி பிதுங்கி நின்றேன். நீதான் பரீட்சையை விட்டுவிட்டு வந்து ஆஸ்பத்திரி இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்தாய். நான் உட்கார வேண்டிய ஸ்டூல் அது. அதனால் இந்தப் பணம் கிடைக்கும் வரை எனக்குச் சோறு இறங்காது. சும்மா சொல்லவில்லை, நேற்றுக்கூட இறங்கவில்லை.

உன் அண்ணன் வேலைக்குப் போகிறார். லேத்தில் இல்லை, அதே ஒர்க்‌ஷாப்பின் கேட்டில் உட்கார்ந்திருக்கிறார். சம்பளம் பாதி. பேச்சு அதிலும் பாதி.

உன் அம்மாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. "ரொம்ப கெட்டிக்காரப் பிள்ளைங்களை மட்டும் லீவுலயும் படிக்கக் கூப்பிடுவாங்களாம்" என்று அத்தை மாடிப்படியில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். நான் உதவித்தொகை என்று வாயெடுத்தாலே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறார். வீட்டில் போனைத் தொட்டால் பக்கத்தில் வந்து நிற்கிறார். இதையெல்லாம் கடிதமாக, அதுவும் இஸ்திரி மேஜையில் வைத்து எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

ஆள் வருவார்கள் என்று சொன்னதும் முதலில் அவர் கேட்டது, "எந்த கப்புல டீ குடுக்கிறது?" என்று. நான் சிரித்தேன். இப்போது யோசித்தால் சிரித்திருக்கக் கூடாதோ என்று தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். படிப்பைப் பார்த்துக்கொள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அண்ணி


அன்புள்ள வாயாடிக்கு,

இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டு. உன் அம்மாவைத் திட்டாதே.

அலுவலகத்திலிருந்து நாளை வருகிறோம் என்று போன் வந்தது. சாயங்காலம் நான் வேலை விட்டு வரும்போது எதிர் வீட்டு டாக்ஸிக்காரரின் சோபா வாசலில் நிற்கிறது. உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் கதவில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. உள்பக்கத்திலிருந்து அத்தை, "இப்படித் திருப்பு, அப்படிச் சாய்" என்று கட்டளை போடுகிறார். டாக்ஸிக்காரர் ஒரு முனையைப் பிடித்திருக்கிறார். இன்னொரு முனையை உன் அண்ணன் இடது கையால் பிடிக்கப் பார்க்கிறார். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவரை விலகச் சொல்லிவிட்டு நான் பிடித்தேன். ஆமாம், சோபாவின் ஒரு முனையைத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுவந்தவள் சாட்சாத் உன் அண்ணிதான்.

ஏன் என்று கேட்காமலா இருப்பேன்? கேட்டேன். "பெரிய ஆபீஸ்ல இருந்து வர்றவங்க தரையிலயா உட்காருவாங்க? நம்ம பிள்ளை மானம் என்ன ஆகுறது?" என்றார். நம் வீட்டு நாற்காலியின் உடைந்த கால்தான் வருகிறவர் கண்ணில் முதலில் படும் என்ற பயம் அவருக்கு. சோபாவோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும் என்பேன். கீழ் வீட்டிலிருந்து தரை விரிப்பு வந்தது. டாக்ஸிக்காரர் மனைவியின் பூப்போட்ட கப்புகள் வந்தன. ஓடாத நம் ஃபிரிட்ஜைத் துடைத்து, அதன்மேல் விளக்கு ஒன்று ஏறியது. ஃபிரிட்ஜுக்குள் பழைய போர்வைகள்தான் இருக்கின்றன என்பது உனக்குத் தெரியும். வருகிறவருக்குத் தெரியுமா?

மறுநாள் வந்தது ஒரு பெண் அதிகாரி. அத்தை வயதுதான் இருக்கும். படியேறி வந்த களைப்பில் சோபாவில் அப்பாடா என்று சாய்ந்துவிட்டார். அத்தைக்கு அதிலேயே பாதி ஜெயித்த மாதிரி ஒரு சிரிப்பு. அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. தணிந்த குரலில்தான் கேட்டார். வீட்டுச் செலவு எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு அத்தை, "எங்களுக்கென்னங்க குறை? நல்லா இருக்கோம்" என்றார். வீட்டுக்கு வந்தவர் யார் கேட்டாலும் அவர் இதையேதான் சொல்லியிருப்பார். தபால்காரர் கேட்டாலும் இதே பதில்தான். அந்த நாக்குக்கு வேறு பதில் பழக்கம் இல்லை.

உன் அண்ணன் வலது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். ஒர்க்‌ஷாப்பில் என்ன வேலை என்று கேட்டதற்கு, "பொறுப்புல இருக்கேங்க" என்றார். கேட்டின் பொறுப்பு என்பதை யார் சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

நானாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். "மேடம், இந்த சோபா எங்களுது இல்லை" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் அத்தை என்னைப் பார்த்தார். அதட்டும் பார்வையாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். மூன்றாம் மனுஷிக்கு முன்னால் என்னைக் கீழே இறக்கிவிடாதே என்று கெஞ்சுகிற பார்வை அது. நான் டீயை நீட்டினேன்.

எழுந்து போகும்போது அந்த அம்மாள், "வசதியாத்தான் இருக்கீங்க, சந்தோஷம்" என்றார். அத்தை வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, "பார்த்தியா, எவ்வளவு மரியாதையாப் பேசிட்டுப் போறாங்க" என்றார். அன்று சாயங்காலமே சோபா எதிர் வீட்டுக்குப் போய்விட்டது. இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் ஒருத்தி. அந்தக் கதையாகிவிட்டது நம் கதை.

ஒருவேளை நான் பயப்படுகிற மாதிரி ஆகாமலும் இருக்கலாம். உனக்குத் தகவல் வந்தால் உடனே எழுது. நல்லதோ கெட்டதோ, எனக்கு எழுது. சலவை நிலைய முகவரிக்கே எழுது.

உன் அண்ணி


அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தது. நாலே வரி. உனக்கு நாலு வரியில் முடிகிற விஷயம் என்று ஒன்று உண்டா? திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். ‘உதவி தேவைப்படும் குடும்பம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், பரவாயில்லை அண்ணி, பெட்டி கட்டுகிறேன், வந்து ஏதாவது கடையில் வேலை பார்க்கிறேன்’ என்று எழுதியிருக்கிறாய். அந்தப் ‘பரவாயில்லை’யைப் படித்துவிட்டு நான் இஸ்திரிப் பெட்டியை விரிப்பின் மேலேயே வைத்துவிட்டேன். விரிப்பு கருகியது. சூப்பர்வைசர் கத்தியது காதில் ஏறவில்லை.

பெட்டியைக் கட்டாதே. கட்டியிருந்தால் பிரி. கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்.

அன்று வீட்டுக்குப் போய் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். கௌரவம் சோறு போடாது என்பதோடு நிறுத்தியிருக்கலாம், அது ஒரு பிள்ளையின் படிப்பைத் தின்றுவிட்டது என்றும் சொன்னேன். மருமகள் பேசுகிற பேச்சா அது? வந்துவிட்டது. உன் அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அத்தை டாக்ஸிக்காரர் மனைவியின் கப்புகளை மறுபடி கழுவத் தொடங்கினார். அவற்றைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை.

பணம் கட்டிப் பதிவு செய்ய இந்த வாரக் கடைசி வரை நேரம் இருப்பதால், முடிவை மறுபடி பார்க்கச் சொல்லி நேரில் கேட்கலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். மறுபடியும் அரை நாள் லீவு கேட்டு, இந்த முறை சூப்பர்வைசரிடம் வேலை போனாலும் சரி என்று சொல்லிவிட்டு (போகவில்லை), காலையில் கிளம்பினேன். கதவைத் திறந்தால் அத்தை செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். வெளியில் போனால் எடுத்துப் போகிற அந்த நல்ல கைப்பை தோளில் தொங்குகிறது. "பொய் சொன்னது நானு. நீ போய் என்னத்தைச் சொல்லப் போற?" என்றார். பஸ்ஸில் ஒரு வார்த்தை இல்லை.

அந்த அலுவலகத்தை நீ பார்த்ததில்லை. நீளமான ஹால், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவர் முழுக்க அறிவிப்புகள். உன் வயதுப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நம் தெருக்கோடி மருந்துக் கடைக்காரரும் மகனோடு வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் அத்தையின் கை என் முழங்கையைப் பிடித்தது. திரும்பிப் போய்விடுவார் என்றே நினைத்தேன். போகவில்லை.

கவுண்டரில் இருந்தவர் வீட்டுக்கு வந்த அதே அம்மாள். நடுவில் கண்ணாடித் தடுப்பு. பேசுவதற்குக் கீழே சின்னதாக ஒரு துளை. அத்தை குனிந்து, "நல்லா இருக்கீங்களா?" என்றுதான் ஆரம்பித்தார். பிறகு ஏதோ முணுமுணுத்தார். கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் அந்த அம்மாள். மாடிப்படியில் பேச்சு விழக்கூடாதென்று ஜன்னலைச் சாத்துகிறவர் அத்தை. அவரை, ஹால் முழுவதும் கேட்கும்படி பேசச் சொன்னார்கள்.

சொன்னார். "அந்த சோபா எங்களுது இல்லைங்க. எதிர் வீட்டுது." மருந்துக் கடைக்காரர் தலையைத் தூக்கினார். "தரை விரிப்பும் இல்லை. கப்பும் இல்லை. ஃபிரிட்ஜ் எங்களுது, ஆனா ஓடாது" என்றார். இதற்குள் அவர் குரல் பழையபடி கட்டளை போடுகிற குரலாகிவிட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? அந்த அம்மாள் எழுதிக்கொண்டே, மகன் பொறுப்பான வேலையில் இருப்பதாகச் சொன்னாரே என்று கேட்டார். அத்தை துளைக்கு இன்னும் கிட்டே குனிந்தார். பிறகு, "கேட்டுல உட்கார்ந்திருக்கான். வலது கையில ரெண்டு விரல் இல்லை" என்றார்.

வாயாடி, விபத்து நடந்த நாளிலிருந்து அத்தை அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. "கையில அடி" என்பார், "இப்போ தேவலை" என்பார். ஆஸ்பத்திரியிலும் போர்வைக்கு மேல்தான் தடவினார். நீ பார்த்திருக்கிறாய். அதைத்தான் ஒரு கண்ணாடித் துளைக்குள் சத்தமாகச் சொன்னார். அழுதது நான்தான், அவர் அழவில்லை. "மகனைப் பார்த்துக்கத்தான் என் பொண்ணு பரீட்சையை விட்டுட்டு வந்தா. தப்பு என்னுது. அவளைத் தண்டிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை நேராக மாட்டிக்கொண்டார்.

அந்த அம்மாள் பேனாவை வைத்தார். வாய்ச்சொல்லை மட்டும் வைத்து முடிவை மாற்ற முடியாது, மறுபடி ஒரு முறை வீட்டுக்கு வருவேன், இந்த முறை போன் செய்ய மாட்டேன் என்றார். கிடைக்கும் என்று சொல்லவில்லை. கிடைக்காது என்றும் சொல்லவில்லை. நாளையோ மறுநாளோ வரலாம்.

இப்போது வீடு எப்படி இருக்கிறது தெரியுமா? படியில் காலடி கேட்டால் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். உன் அண்ணனிடம் அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னேன். அதிலிருந்து வீட்டில் அவர் கையைப் பைக்குள் விடுவதில்லை. உடைந்த நாற்காலி அதன் இடத்துக்கே வந்துவிட்டது. இன்று காலை அத்தை துடைப்பத்தோடு ஹாலில் நின்றுகொண்டே இருந்தார். என்ன என்று கேட்டேன். "பெருக்கலாமா, வேண்டாமா?" என்று என்னைக் கேட்டார். அதிகாரமே பண்ணிப் பழகியவர் என்னிடம் அனுமதி கேட்கிறார். பெருக்குங்க அத்தை, இல்லாதவங்க வீட்டில் குப்பை கிடக்கணும்னு சட்டமா என்றேன். பெருக்கினார். நாங்கள் மறுபடி பேச ஆரம்பித்தது அப்படித்தான்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் வை. பணம் வரும் முன்பே போய் வகுப்பில் உட்கார அனுமதி கேள். இங்கே உன் அம்மா கேட்டுவிட்டார், அங்கே கேட்க உனக்கென்ன வெட்கம்? பதிவு முடிகிற நாள் வரை அங்கிருந்து அசையாதே. மேலே எழுதியது ஒன்றும் உனக்குத் தெரிந்ததாக அத்தைக்குத் தெரிய வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போன் செய். அத்தைதான் எடுப்பார். இங்கே எங்களுக்கென்ன குறை, நல்லா இருக்கோம் என்பார். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், எதிர்த்துப் பேசாதே, அழாதே, குரல் கம்மினால் ஜலதோஷம் என்று சொல்லிக்கொள். ‘தெரியும்மா’ என்று சொல். அவர் சொன்னதை அப்படியே நம்பிவிட்ட பெண் மாதிரி சொல்.

நீ நன்றாக இருப்பாய்.

உன் அண்ணி