தலைக்கு மேல் கட்டிய பாட்டில்

பிள்ளையார்பாளையம்,
11-8-1969

சிரஞ்சீவி தர்மனுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அப்பாவும் முந்தாநாள் முதல் சுகம், பிலாயில் நீ எப்படி இருக்கிறாய், அந்த ஊர் ரொட்டி உடம்புக்கு ஒத்துக்கொண்டதா.

அப்பாவுக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டு நர்ஸிங் ஹோமில் சேர்த்து ரப்பர் குழாய் போட்டிருப்பதைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில் இருக்கிறது. அது தொளதொளவென்று தொங்குவது அவருக்குப் பொறுக்கவில்லை, தறியில் ஒரு இழை தொய்ந்தாலும் இழுத்துக் கட்டுகிற மனுஷர் இல்லையா. வியாழக்கிழமை நான் சாப்பாடு எடுக்க வீட்டுக்கு வந்த நேரத்தில் குழாயைச் சுருட்டி, பாட்டிலை ஜன்னல் கம்பியில் தலைக்கு மேலே கட்டிவிட்டு, வேலை முடிந்த திருப்தியோடு படுத்துக்கொண்டார். வெளியே போகவேண்டியது உள்ளேயே திரும்பிவிட்டது. சாயங்காலம் குளிர்சுரம், உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நர்ஸ் மேரி ஓடிவந்து அவிழ்த்துவிட்டு, இன்னா பெரியவரே, இது இன்னா தறியா இழுத்துக் கட்ட என்று கேட்டாள். அந்தச் சுரத்திலும் அவர், முடிச்சு நல்லாத்தானேமா போட்டுகிறேன் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மறுநாளும் சுரம் இறங்காமல் டாக்டர் முகம் கொடுத்துப் பேசாதபோது தாலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. ஊசிமேல் ஊசி போட்டு மூன்றாம் நாள்தான் இறங்கியது.

பாட்டில் எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் இருக்கவேண்டும், குழாய் மடங்கக்கூடாது, தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும், தினமும் அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைக்கவேண்டும் என்று மேரி எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த உன் அப்பாதான் இப்போது அங்கே மேஸ்திரி. அடுத்த கட்டில் பஞ்சாட்சரம் தன் குழாய்மேல் புரண்டு படுத்தால், மடங்குது பார் நைனா என்று எழுப்பிவிடுகிறார். பாவம், பஞ்சாட்சரம் தூங்கி இரண்டு நாளாகிறது.

வெள்ளிக்கிழமை குழாயை எடுத்துப் பார்ப்பார்களாம். தானாகப் போனால் வீடு, இல்லாவிட்டால் மறுபடி குழாய். காமாட்சிக்கு வேண்டிக்கொண்டேன், என்ன வேண்டுதல் என்று குருக்கள் கேட்டதற்குத்தான் வாய் வரவில்லை. நெய்கிற சேலையில் முந்தானையை முடித்துவிட்டு எழுந்திருக்கிறேன் என்று அடக்கி அடக்கித்தான் இவருக்கு இப்படி ஆயிற்றோ என்னவோ, நீயும் ஆலையில் அடக்கி வைக்காதே.

அறுந்த இழையைப் பிணைக்கக்கூட என்னைத் தறியில் கை வைக்க விடமாட்டார், உன் கை முரடு என்பார், உனக்குத் தெரியாததா. நேற்று மேரி துடைக்க வந்தபோது, நீ போமா, அவ வரட்டும், அவ கைதான் பதமா இருக்குது என்றாராம். நான் போனபோது அவர் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை. கையை மட்டும் இரண்டு தரம் கழுவினேன்.

நோய் நொடி இல்லாமல் நூறு வயது இரு. அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அந்த முடிச்சைப் பற்றி மட்டும் கேட்காதே, கேட்டால் போட்டுக் காட்டிவிடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயம்மாள்