கடல் பக்கத்துத் தகரம்

மாரியம்மன் துணை

குவாலா சிலாங்கூர்,
10.11.1951

அன்பு மகன் தங்கராஜுக்கு அம்மா எழுதுவது. ஆத்தாள் புண்ணியத்தில் இங்கு எல்லாரும் சுகம், சிங்கப்பூரில் உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. ஒழுகுகிற வீட்டில் கைக்குழந்தை வேண்டாம், வந்து வள்ளியம்மாவையும் பிள்ளையையும் சுங்கை பெசாரில் அவள் தாய் வீட்டில் விடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே நடந்ததைக் கேள்.

அவசரகாலமென்று முள்வேலிக்குள் வரிசையாக ஒட்டிக் கட்டிய இந்த லயத்தில் நம் வீடு மட்டும் அத்தாப்பு ஓலைக் கூரையோடு ஒழுகிக் கிடந்ததல்லவா, அதற்கும் தகரம் வந்துவிட்டது. உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. புதுத் தகரம் பளபளவென்று தெரிய வேண்டுமாம், இரண்டு பக்கத்து வீட்டுத் தகரத்தின் மேலும் நம்முடையதை ஏற்றி ஆணி அடித்துவிட்டார். கடல் பக்கத்து வீட்டு நல்லசாமி அண்ணன், "என்னைக் கேக்காம என் தலை மேலயா ஏறுறீங்க?" என்றவர், அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். அடுத்த மழையிலேயே கடல்காற்று அந்தப் பக்கம் தகரங்கள் சேரும் இடத்தில் நம் தகரத்தின் விளிம்புக்கு அடியில் தண்ணீரை உள்ளே தள்ளியது. அடுப்பு அணைந்து அரிசிப் பானை வரை நனைந்தது. அப்பா தாரைப் பூசு பூசென்று பூசினார். தார் தீர்ந்தது, ஒழுக்கு தீரவில்லை.

உன் பெண்டாட்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "காத்து வர்ற பக்கத்துத் தகரந்தான் அத்தை மேல கிடக்கணும், நம்மளது அதுக்குக் கீழ போகணும்" என்றாள். புதுசு பழசுக்குக் கீழேயா என்று அப்பா குதித்தார். அவள் வாதாடவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே நல்லசாமி அண்ணன் வாசலுக்குப் போய், "மாமா, உங்க தகரம் எங்க வீட்டு மேல கிடக்கட்டும், நீங்களே வந்து ஏத்தி விடுங்க" என்றாள். மனிதர் இளகிவிட்டார். ஊரடங்குச் சங்கு ஊதுவதற்குள் அவரும் அப்பாவும் கூரையில் ஏறி, ஆணியைப் பிடுங்கி மாற்றி அடித்து முடித்தார்கள். இறங்கும்போது, "முதல்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா" என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

நேற்றுப் பேய்மழை. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லையடா, என் வயிற்றில் பிறந்தவர்கள் யாருக்கும் இந்தச் சமர்த்து இல்லை. உனக்கு என்ன பதில் எழுதட்டும் என்று அவளைக் கேட்டேன். பிள்ளையின் தூளியை அவிழ்த்துக்கொண்டு போய், முன்பு ஒழுகிய இடத்துக்கு நேர் கீழே கட்டி ஆட்டத் தொடங்கினாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. வரும்போது அடையாளக் கார்டை மறந்துவிடாதே, முள்வேலிக் கேட்டில் உள்ளே விடமாட்டார்கள். ஆத்தாள் உன்னைக் கண்ணாகக் காப்பாள். கூட்டிப்போக வராதே ராசா, பிள்ளையைப் பார்க்க வா.

ஆசிகளுடன்,
உன் அம்மா
கங்கா