மணலுக்கு வாங்கிய டயர்

பண்டாரவளை,
12-11-1937

அன்பு மனைவி நஸீறாவுக்கு,

அல்லாஹ்வின் காவலில் நீயும் மாமாவும் மாமியும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்பி, சலாத்துடன் எழுதுவது. நான் சுகம். குளிர்தான் எலும்பைத் தேடி வருகிறது.

தேயிலைத் தோட்டம் தோட்டமாகத் துணி ஓடர் எடுக்கப் போகும் மோட்டார் சைக்கிளின் பின் டயர் தேய்ந்து, போன கிழமை மழையில் ஒரு வளைவில் சறுக்கிவிட்டது. முழங்காலில் சிறு சிராய்ப்பு மட்டும், பயப்படாதே. துணிக்கடை முதலாளி, நீயே பார்த்து நல்ல டயர் வாங்கு என்றார்.

டயர் கடைக்காரர் இரண்டை முன்னால் வைத்தார். ஒன்று நெருக்கமாகக் கோடு போட்டது. ஈரத் தார் றோட்டை நன்றாகப் பிடிக்குமாம். மற்றது கட்டை கட்டையாகப் பல் வைத்தது; மணலில் புதையாதாம். அரை மணி நேரம் இரண்டையும் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, பல் வைத்ததை எடுத்தேன்.

"இந்த மலையில மணல் எங்கங்க இருக்கு?" என்று அவர் சிரித்தார்.

பெருநாளைக்கு வந்தபோது நம் வீட்டுக்கு வரும் ஒழுங்கை மணலில் வண்டி புதைய, வேலிக்குள் நின்று, "இறங்கித் தள்ளுங்களன்" என்று நீயும் இப்படித்தான் சிரித்தாய். அவரிடம் காசைக் கொடுத்து, டயரை மாட்டச் சொன்னேன். தார் றோட்டில் அது நாள் முழுக்க உறுமுகிறது. வளைவுகளில் மெல்லத்தான் போகிறேன்.

உன் பழைய போர்வையை அனுப்பு. புதியது வேண்டாம். தோய்க்கவும் வேண்டாம்.

தபால் பை கட்டுகிறார்கள், முடிக்கிறேன். மாமா ஒழுங்கை மணலுக்கு மேல் கிறவல் கல் கொட்டி இறுக்கப்போவதாக எழுதியிருந்தாய். நான் வரும்வரை அந்த மணலை அப்படியே விட்டுவைக்கச் சொல்.

உன்
அசனார்